பணத்தை நிறுத்த முடியாத குழுவுக்கு என்ன வேலை?

மக்களவை நடைமுறை விதிகளில் 312ஆம் விதியை முதல்முறை படிப்பவருக்குச் சிரிப்பு வரும். மதிப்பீட்டுக் குழு ஆண்டு முழுக்கத் தன் ஆய்வைத் தொடரலாம், அவ்வப்போது அவைக்கு அறிக்கை தரலாம் என்று ஆரம்பிக்கிறது. அடுத்து, ஓர் ஆண்டின் செலவு மதிப்பீடுகள் மொத்தத்தையும் குழு பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்கிறது. கடைசியில், குழு அறிக்கையே தராவிட்டாலும், துறைகள் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகளை அவை ஓட்டுக்கு விட்டு முடித்துவிடலாம் என்கிறது. பட்ஜெட்டைப் பார்ப்பதற்கென்றே 30 எம்.பி.க்களைத் தேர்ந்தெடுத்து ஒரு குழு வைக்கிறார்கள். அது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பணம் போகிற வழியில் போய்க்கொண்டிருக்கும்.

மாநில அரசுத் துறை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்கு விளக்கக் குறிப்பு தயாரிப்பது எங்கள் பிரிவின் தலையில் விழும் வேலைகளில் ஒன்று. வேலையில் இருந்தவரை குழு என்றால் எங்களுக்கு ஒரு கெடு, அவ்வளவுதான். விதிகளையும் பழைய அறிக்கைகளையும் சாவகாசமாகப் படிக்க ஆரம்பித்தது ஓய்வுக்கு அப்புறம். படித்ததில் எனக்குப் பட்டது இது: நிதிக் குழுக்களுக்கு விதிப்புத்தகம் கொடுத்திருக்கும் அதிகாரம் ரொம்பச் சொற்பம். வருடத் தொடக்கத்தில் 'இந்த வருஷம் எதைப் பார்க்கலாம்' என்று உட்கார்ந்து முடிவெடுக்கிறார்களே, அந்தக் கூட்டத்தில்தான் குழு தன் வேலை என்ன என்பதை உண்மையில் தீர்மானித்துக்கொள்கிறது.

நாடாளுமன்றத்தில் நிதிக் குழுக்கள் மூன்று. பொதுக் கணக்குக் குழு செலவான பணத்தைப் பார்க்கும். மதிப்பீட்டுக் குழு செலவாகப் போகும் பணத்தைப் பார்க்கும் என்று பெயர். 1964இல் வந்த பொது நிறுவனங்கள் குழு அரசு கம்பெனிகளைப் பார்க்கும். மூன்றிலும் அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. மூன்றுக்கும் ஆயுள் ஓராண்டு. மாநிலச் சட்டமன்றங்களிலும் ஏறக்குறைய இதே அச்சுதான்.

இதில் மூத்தது பொதுக் கணக்குக் குழு. பிரிட்டனில் கிளாட்ஸ்டன் 1861இல் ஏற்படுத்தியதன் வாரிசாக இங்கே 1921இல் வந்தது. அன்றைக்கு அதன் தலைவர் யார் தெரியுமா? வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் நிதித் துறையை வைத்திருந்த உறுப்பினரே! செலவு செய்கிற அரசாங்கத்தின் நிதிப் பொறுப்பாளர், அந்தச் செலவை விசாரிக்கும் குழுவுக்கும் தலைவர். குழுவுக்கு எழுத்து வேலை செய்து கொடுத்ததும் நிதித் துறைதான். போதாததற்கு ராணுவச் செலவு சட்டசபையின் ஓட்டுக்கே வராது. பட்ஜெட்டில் பெரிய பங்கு குழுவின் கைக்கு வெளியே இருந்தது. 1950 ஜனவரி 26இல் அரசியல் சாசனம் நடப்புக்கு வந்த பிறகுதான் குழு சபாநாயகரின் கீழ் வந்தது, நிதியமைச்சர் நாற்காலியை விட்டு இறங்கினார். எதிர்க்கட்சிக்காரர் தலைவராக இன்னும் 17 வருடம் ஆனது. 1967இல் சுதந்திரா கட்சியின் மினு மசானி அந்த இடத்துக்கு வந்தார். அதிலிருந்து டெல்லியில் அது மாறாத மரபு.

மாநிலங்களில் அந்த மரபு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். 2021இல் அமைந்த தமிழ்நாடு சட்டப்பேரவையில் பொதுக் கணக்குக் குழுவின் தலைவர் காங்கிரஸின் செல்வப்பெருந்தகை. காங்கிரஸ் அப்போது ஆண்ட திமுகவின் கூட்டணிக் கட்சி. ஆளும் கட்சி இல்லை என்ற கணக்கில் சரிதான். ஆனால் தேர்தலில் ஒரே மேடையில் நின்றவர்கள் இந்த மேஜையில் எதிரெதிரே உட்கார வேண்டும் என்பது 1967இல் நினைத்த ஏற்பாடு இல்லை.

மதிப்பீட்டுக் குழுவின் கதை வேறு. நிதியமைச்சர் ஜான் மத்தாயின் யோசனையில் 1950 ஏப்ரலில் 25 பேரோடு ஆரம்பித்தது. 1956இல் 30 பேராக்கினார்கள். சிக்கனம் பார்க்க ஒரு குழு வேண்டும் என்று சொன்ன மத்தாய், திட்டக் கமிஷன் இணை அமைச்சரவை போல ஆகிவிடும் என்று முரண்பட்டு அதே வருடம் பதவியை விட்டுப் போய்விட்டார் என்பது தனிக் கதை. குழுவின் முதல் தலைவர் அப்போது துணை சபாநாயகராக இருந்த அனந்தசயனம் அய்யங்கார். திருச்சானூர்க்காரர், மெட்ராஸில் சட்டம் படித்தவர்.

குழுவுக்கு என்ன வேலை என்பதை 310ஆம் விதி நான்கு உட்பிரிவுகளில் சொல்கிறது. முதல் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடிக்கும். மதிப்பீடுகளுக்கு அடிப்படையான கொள்கைக்கு உட்பட்டு என்ன சிக்கனம் செய்யலாம், நிர்வாகத்தை எப்படிச் சீர்படுத்தலாம் என்று சொல்ல வேண்டும் என்கிறது முதலாவது. நிர்வாகத்தில் திறமையும் சிக்கனமும் வர மாற்றுக் கொள்கைகளைப் பரிந்துரைக்கலாம் என்கிறது இரண்டாவது. கொள்கைக்குள் நிற்பதா, கொள்கையையே கேள்வி கேட்பதா?

நான் பார்த்த அதிகாரிகளில் பாதிப் பேர் முதல் பிரிவிலேயே நின்றுவிடுவார்கள். 'இது அரசின் கொள்கை முடிவு' என்று ஒரு வரி எழுதிவிட்டால் கேள்வி அங்கேயே நிற்கும் என்று நம்பிக்கை. ஆனால் சபாநாயகரின் 98ஆவது வழிகாட்டு உத்தரவு இந்த முடிச்சை ரொம்ப நாளைக்கு முன்பே அவிழ்த்துவிட்டது. நாடாளுமன்றம் சட்டமாகவோ தீர்மானமாகவோ போட்டதுதான் குழுவைக் கட்டுப்படுத்தும் கொள்கை. அரசாங்கம் தன் நிர்வாக அதிகாரத்தில் தானே எடுத்த முடிவு எதையும் குழு பிரித்துப் பார்க்கலாம். அதற்கு மேலும் போகிறது உத்தரவு. நாடாளுமன்றமே ஏற்ற கொள்கையாக இருந்தாலும், அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை, பணம் வீணாகிறது என்று சாட்சியத்தில் தெரியவந்தால், கொள்கையை மாற்ற வேண்டும் என்று அவைக்குச் சொல்வது குழுவின் கடமை. 'செய்யலாம்' என்று இல்லை, கடமை என்றே இருக்கிறது. 'கொள்கை முடிவு' என்று பதில் எழுதிக் கொடுக்கச் சொல்லும் மேலதிகாரிகளுக்கு இந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அந்த வேலையில் இல்லாததால் தோன்றுகிறது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு விரிந்த பொறுப்பைக் கொடுத்துவிட்டு, வாசலில் இன்னொரு கட்டுப்பாடு: மதிப்பீடுகளையோ கணக்குகளையோ ஆராயும்போது அமைச்சரைக் குழு கூப்பிடக் கூடாது. 99ஆவது உத்தரவு. துறைச் செயலாளர்தான் வருவார். 2017 ஜனவரியில் பணமதிப்பிழப்பு பற்றி விசாரித்துக்கொண்டிருந்த பொதுக் கணக்குக் குழுவின் தலைவர் கே.வி. தாமஸ், தேவைப்பட்டால் பிரதமரையே கூப்பிடலாம் என்று பேசப்போய், குழுவுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பி, விதி இடம் கொடுக்காது என்று பின்வாங்க வேண்டியதாயிற்று. ரிசர்வ் வங்கி ஆளுநர் உர்ஜித் படேல் வந்தார், பதில் சொன்னார், போனார். முடிவெடுத்தவரைக் கேட்க முடியாது, முடிவைச் செயல்படுத்தியவரைத்தான் கேட்க முடியும் என்பதுதான் இந்தக் குழுக்களின் எல்லை. இதை வெறும் குறையாக மட்டும் நான் பார்க்கவில்லை. அமைச்சர் உட்கார்ந்தால் அந்த அறை சட்டசபையாகிவிடும். ஆளுங்கட்சி உறுப்பினர் அவருக்கு அரணாக நிற்பார். செயலாளரைக் கேள்வி கேட்பதில் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வுக்கும் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வுக்கும் ஆர்வத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. சில சமயம் ஆளுங்கட்சிக்காரர் கூடுதலாகவே கேட்பார், அவர் தொகுதி வேலை ஏதாவது அந்தச் செயலாளரிடம் மாட்டிக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு கூட்டத்தில் பின்வரிசையில் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தேன். தணிக்கைப் பத்தி ஒரு மாணவர் விடுதி பற்றியது. கட்டி முடித்து இரண்டு வருடமாகியும் பூட்டிக் கிடக்கிறது, காரணம் மின் இணைப்பு வரவில்லை.

அந்தப் பத்தி அங்கே வந்து சேர்வதற்குள் பல படி தாண்டியிருக்கும். முதலில் தணிக்கைக்கு வந்தவர்கள் எழுதும் ஹாஃப் மார்ஜின். தாளின் ஒரு பாதியில் அவர்கள் கேள்வி, மறு பாதி நம் பதிலுக்குக் காலி. அங்கே சரியாகப் பதில் சொன்னால் முடிந்தது. சொல்லாவிட்டால் ஆய்வறிக்கையில் பாராவாகும். அதிலும் தீராவிட்டால் கணக்காயர் அலுவலகத்திலிருந்து வரைவுப் பத்தியாகச் செயலாளர் பெயருக்கே வரும். அப்புறம் சிஏஜி (நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை, பேரவையில் வைப்பு, கடைசியில் குழு. குழு அழைக்கும்போது அந்த விடுதியைக் கட்டிய காலத்துப் பொறியாளர் ஓய்வு பெற்றிருப்பார், செயலாளர் மூன்று தடவை மாறியிருப்பார்.

எங்கள் விளக்கக் குறிப்பு பல பக்கம். நிலம் ஒப்படைத்த தேதி, ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த கால நீட்டிப்பு, விலைவாசி உயர்வு, எல்லாம் இருந்தது. ஓர் உறுப்பினர் அதைப் புரட்டக்கூட இல்லை.

"அதெல்லாம் சரி. கரண்டு வேணும்னு மொத லெட்டர் யாரு எழுதினது? என்னைக்கு எழுதினது?"

செயலாளர் திரும்பித் துறைத் தலைவரைப் பார்த்தார். துறைத் தலைவர் திரும்பி எங்களைப் பார்த்தார். எங்களிடம் ஐந்து கோப்பு இருந்தது, அந்தக் கடிதம் இல்லை. கட்டடம் கட்டுகிற பிரிவு, விடுதியை நடத்துகிறவர்கள் எழுதுவார்கள் என்று இருந்திருக்கிறது; விடுதிப் பிரிவு, கட்டியவர்கள்தானே எழுத வேண்டும் என்று இருந்திருக்கிறது.

"ஐயா, விவரம் சேகரித்து அனுப்புகிறோம்" என்றார் செயலாளர்.

"அனுப்புறது இருக்கட்டும். இனிமே கட்டுறதுக்காவது யாரு எழுதணும்னு ஆர்டர்ல போடுங்க."

அந்தத் தொகை மாநில பட்ஜெட்டில் கண்ணுக்கே தெரியாத தொகை. ஆனால் அதற்கப்புறம் எங்கள் துறையின் கட்டட அனுமதி ஆணைகளில், மின் இணைப்புக்கும் குடிநீருக்கும் எந்த அலுவலர், எந்தக் கட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு பத்தி தவறாமல் இடம்பெற ஆரம்பித்தது. பரிந்துரை அறிக்கையாக வருவதற்கு முன்பே வந்துவிட்டது அந்தப் பத்தி.

பெரிய விவகாரங்களைக் குழு எடுக்கும்போது இப்படி நடப்பதில்லை. 2ஜி அலைக்கற்றை பற்றிய சிஏஜி அறிக்கை 2010இல் வந்தது. 1.76 லட்சம் கோடி என்ற எண் டீக்கடை வரை போனது. முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான பொதுக் கணக்குக் குழு அதை எடுத்தது. 2011 ஏப்ரலில் வரைவு அறிக்கை உறுப்பினர்கள் கைக்கு வந்ததுமே குழு இரண்டாகப் பிளந்தது. தலைவர் வெளியேறியதும், ஆளும் கூட்டணி உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைமையில் உட்காரவைத்து அறிக்கையை ஓட்டெடுப்பில் நிராகரித்தார்கள். அறிக்கையை ஜோஷி சபாநாயகருக்கு அனுப்ப, மீரா குமார் திருப்பி அனுப்பினார். நிதிக் குழுக்களின் அறிக்கையில் மாற்றுக் கருத்துக் குறிப்பு சேர்க்கும் வழக்கம் இல்லை. எல்லோரும் ஒத்துப்போனால் அறிக்கை, இல்லாவிட்டால் ரகளை. 122 உரிமங்களை 2012இல் ரத்து செய்தது உச்ச நீதிமன்றம். 2017இல் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது சிறப்பு நீதிமன்றம். இந்த இரண்டுக்கும் நடுவே, உரிமம் கொடுக்கும் நடைமுறை எந்தக் கோப்பில் எந்தக் கட்டத்தில் தடம் மாறியது என்று எல்லாக் கட்சியும் கையெழுத்திட்ட ஓர் ஆவணம் கிடைத்திருக்க வேண்டிய இடம் பொதுக் கணக்குக் குழு. அது கிடைக்கவில்லை.

அதற்காகப் பெரியதைத் தொடவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. 2018இல் அதே ஜோஷி, இந்தத் தடவை மதிப்பீட்டுக் குழுவின் தலைவராக, வங்கிகளின் வாராக்கடனை எடுத்தார். ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜனிடம் எழுத்துப்பூர்வமாகக் குறிப்பு வாங்கினார். 1993இல் துறைவாரி நிலைக்குழுக்கள் வந்து மானியக் கோரிக்கைகளைப் பார்க்கும் வேலையை எடுத்துக்கொண்ட பிறகு, மதிப்பீட்டுக் குழு இப்படித் தலைப்பு வாரியாக வேலை செய்து பிழைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது. பெயரில் மட்டும் மதிப்பீடு நிற்கிறது. ராஜனின் குறிப்பை இரண்டு தரப்பும் ஊடகங்களில் தங்கள் பக்கம் இழுத்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் கடன் எப்படி வாராக்கடனாகிறது என்று ஒரு பொருளாதார நிபுணர் படிப்படியாக எழுதிய ஆவணம் அதனால் நமக்குக் கிடைத்தது.

எதைப் பார்ப்பது என்பதே சண்டையாகும் காலம் இது. 2024இல் கே.சி. வேணுகோபால் தலைமையில் அமைந்த பொதுக் கணக்குக் குழு, சிஏஜி பத்திகளோடு நிற்காமல், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் டிராய் போன்ற ஒழுங்குமுறை அமைப்புகள் எப்படிச் செயல்படுகின்றன என்பதையும் தன் பட்டியலில் சேர்த்தது. அந்த அக்டோபரில் செபி தலைவர் வரவில்லை; கூட்டத்தை ஒத்திவைத்தார்கள். தணிக்கை அறிக்கை இல்லாமல் தானாக ஒரு பொருளை எடுக்கக் குழுவுக்கு என்ன உரிமை என்று பாஜக உறுப்பினர்கள் கேட்டார்கள். எனக்கு இதில் வேணுகோபால் பக்கம்தான் நியாயம் தெரிகிறது, ஆனால் ஒரு 'ஆனால்' உண்டு. சிஏஜி பத்தி கையில் இருந்தால் குழுவுக்கு ஆவணம் தயாராக இருக்கும், கணக்காயர் ஆட்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி எடுத்துக் கொடுப்பார்கள். அது இல்லாமல் இறங்கினால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்த அளவு இந்தப் பக்கம் யாருக்கும் தெரிந்திருக்காது. அதே பட்டியலில் பொது உள்கட்டமைப்புகளில் வசூலிக்கும் கட்டணம் என்று ஒரு தலைப்பும் இருந்தது. சுங்கச்சாவடி, விமான நிலையம் எல்லாம் அதில் அடங்கும். செபி அளவுக்கு அது தலைப்புச் செய்தியாகவில்லை. நான் உறுப்பினராக இருந்தால் முதலில் அதைத்தான் எடுத்திருப்பேன்.

இலங்கை இதில் வேறு பாதையில் போகிறது. அங்கே கோப் (COPE, பொது நிறுவனங்கள் குழு), கோபா (COPA, பொதுக் கணக்குக் குழு) இரண்டும் நம் குழுக்களைப் போல நடந்து முடிந்ததை விசாரிப்பவை. அவற்றோடு அரசாங்க நிதி பற்றிய குழு என்று ஒன்று உண்டு. சில ஆண்டுகள் எம்.ஏ. சுமந்திரன் அதன் தலைவராக இருந்தார், பின்னால் ஹர்ஷ டி சில்வா. வரி தொடர்பான கட்டளைகளும் ஒழுங்குவிதிகளும் நாடாளுமன்றத்தில் நிறைவேறுவதற்கு முன்னால் அந்தக் குழுவின் மேஜைக்கு வருகின்றன. கோப் விசாரணையைத் தொலைக்காட்சியில் பார்க்கவும் முடிகிறது. நமக்கோ எல்லாம் மூடிய கதவுக்குள். கதவைத் திறந்தால் உறுப்பினர்கள் கேமராவுக்குப் பேசுவார்கள் என்ற வாதத்தில் சாரம் இருக்கிறது. ஆனால் 2023 மார்ச்சில் மத்திய அரசின் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட் மானியக் கோரிக்கைகள் மக்களவையில் விவாதமே இல்லாமல், மொத்தமாக ஓட்டுக்கு விட்டு முடிக்கும் 'கில்லட்டின்' முறையில் நிறைவேறின. அவையில் விவாதம் இல்லை, குழுவில் கேமரா இல்லை என்றால் மக்கள் எதைத்தான் பார்ப்பது?

சரி, குழு சொன்னதை அரசு கேட்கிறதா என்று எங்கே தெரிந்துகொள்வது? அதற்கு நடவடிக்கை எடுத்த அறிக்கை என்று ஒன்று வரும். பத்திரிகைகள் அதைக் கண்டுகொள்வதில்லை. பரிந்துரைகளை அதில் அத்தியாயம் பிரித்து வைத்திருப்பார்கள்: அரசு ஏற்றுக்கொண்டவை, அரசின் பதிலைக் கேட்டுக் குழு மேலே வற்புறுத்த விரும்பாதவை, பதிலைக் குழு ஏற்காமல் மறுபடி வலியுறுத்துபவை, இடைக்காலப் பதில் மட்டும் வந்தவை. நான் இப்போதெல்லாம் கடைசி அத்தியாயத்திலிருந்துதான் படிக்கிறேன். 'பரிசீலனையில் உள்ளது', 'கருத்து கேட்கப்பட்டுள்ளது' என்ற வரிகள் அங்கே வரிசையாக நிற்கும். அவற்றை எழுதும் கை எப்படி நகரும் என்று எனக்குத் தெரியும்.

அந்த வரிகளுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, துறைகளில் வேலை பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் ஆண்டு மே மாதம் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. கேள்விப் பட்டியல் வந்து, சாட்சியம் எடுத்து, சூடு பிடிக்கும்போது ஜனவரி ஆகிவிடும். அப்புறம் பட்ஜெட் கூட்டத்தொடர். பிப்ரவரியில் 'விவரங்கள் களத்திலிருந்து வர வேண்டியுள்ளதால் கால அவகாசம் தேவை' என்று ஒரு கடிதம் போட்டால் போதும். புதுக் குழுவில் பாதிப் பேர் புதியவர்களாக இருப்பார்கள். பழைய பொருளை அவர்கள் மறுபடி தேர்ந்தெடுத்தால்தான் உண்டு. தேர்ந்தெடுத்தாலும் முதலிலிருந்து. முன்னுரிமை என்று குழு மே மாதத்தில் எழுதி வைக்கும் பட்டியலை, பிப்ரவரியில் ஒரு கீழ்நிலை அதிகாரியின் கடிதம் மாற்றி எழுதிவிடுகிறது. ஆயுளை ஓராண்டிலிருந்து இரண்டாண்டாக்க அரசியல் சாசனத் திருத்தம் எதுவும் வேண்டாம், விதியில் ஓர் எண்ணை மாற்றினால் போதும்.